தமிழுக்கு விசேஷம்

சுப்பாத்தாளின் வயிற்றெரிச்சல் ஒரு கன்றுக்குட்டியில் தொடங்கியது. மாடு அவளுடையது, தொழுவம் அவளுடையது. முன்னங்கால் மடங்கி வெளியே வராமல் நின்ற கன்றை, முழங்கை வரை எண்ணெய் பூசிக்கொண்டு கையை உள்ளே விட்டுத் திருப்பி எடுத்தவளும் அவள்தான். வேர்வை வழிய அவள் நிமிர்ந்தபோது ஓரகத்தி நர்மதா போனும் கையுமாக வந்து நின்றாள். நர்மதா, கொழுந்தன் அருள்குமாரின் மனைவி. அதே வாசலின் மறுபாதியில் குடியிருப்பவள்.

"சித்தெ தள்ளிக்குங்கக்கா. வெளிச்சத்தை மறைக்கறீங்க."

சுப்பாத்தாள் தள்ளிக்கொண்டாள். தன் தொழுவத்தில், தன் மாட்டுக்குப் பக்கத்தில், இன்னொருத்தி சொன்னாள் என்று தள்ளிக்கொண்டதை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் காது மடல் சுடும்.

கன்று எழுந்து தாயின் மடியைத் தேடித் தள்ளாடும் அந்தப் படம் காலையிலேயே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஏறியது. பொள்ளாச்சி ஒறம்பரை, உடுமலை ஒறம்பரை, சித்தூர் ஒறம்பரை என்று உறவுக்காரர்கள் எல்லாரும் கைகூப்பிக்கொண்டும் பூப்போட்டுக்கொண்டும் வந்து சேர்ந்தார்கள். கனடாவிலிருந்து சுப்பாத்தாளின் மகள் தமிழ்ப்ரியா, வீட்டாருக்குத் தமிழு, 'சித்தி, சாப்பிடக்கூட மறந்துட்டுப் பாத்துட்டே இருக்கேன்' என்று எழுதினாள். கன்றை எடுத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

"ஏனுங்க, கன்னு போட்டது நம்ம மாடுங்களா, உங்க தம்பி பொண்டாட்டிங்களா?" என்று புருஷன் தனபாலிடம் கேட்டாள் சுப்பாத்தாள்.

"மெல்லப் பேசு புள்ள. சொவத்துக்கு அக்கட்ட கேக்கும்."

"கேக்கட்டும்."

கேட்டிருக்கும். அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்தபோது ஒரே வீட்டுக்கு நடுவில் அவசரமாக எழுப்பிய சுவர் அது. இந்தப் பக்கம் தாளித்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். நர்மதா கல்யாணமாகி வந்து வெகு வருஷமாகியும் குழந்தை இல்லை. அதைக் குத்திக்காட்ட சுப்பாத்தாள் நேரம் காலம் பார்ப்பதில்லை என்பதை, மலையாள எல்லையோரம் இருக்கும் அந்தப் பெருமாட்டி ஊரில் எல்லாரும் அறிவார்கள். அவளிடம் நல்ல குணங்களும் இருந்தன. யார் வீட்டு மாடு படுத்துவிட்டாலும் கூப்பிடாமலே ஓடுவாள். ஆனால் பொறாமை என்று வந்துவிட்டால் அவளைப் பிடித்து நிறுத்தக் கயிறு கிடையாது.

தினம் ஒரு படம் என்பது தமிழ்ப்ரியா கேட்டு வந்த வழக்கம். கனடா போன முதல் பனிக்காலத்தில் அவள் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தாள். 'ஜன்னலைத் திறந்தா வெள்ளையாத்தான் இருக்குது. தினமும் நம்ம ஊர்ல இருந்து ஒரு படம் அனுப்புங்க' என்றாள். அதை அவள் சித்தியிடம் கேட்டாள். அம்மாவிடம் அப்போது பட்டன் போன்தான் இருந்தது என்பது வாஸ்தவம். அந்தச் சமாதானம் சுப்பாத்தாளுக்குச் செல்லுபடியாகவில்லை. பெற்றவளிடம் ஒரு வார்த்தை, நல்ல போனாக ஒன்று வாங்கிக்கொள் அம்மா என்று, சொல்லியிருக்கக் கூடாதா?

அன்றிலிருந்து நர்மதா ஒருநாளும் தவறவில்லை. கிழக்குக் காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும் தென்னைகள். தென்மலை மேல் இறங்கிய மேகம். கால்வாய்க் கரையில் வரிசையாகப் போகும் வாத்துகள். டிராக்டரில் சாய்ந்துகொண்டு டீயை ஆற்றும் தனபால். பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கும் அருள்குமார். ஒருநாள், நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, வாயில் ஹேர்பின்னைக் கடித்தபடி தலை முடிந்துகொண்டிருந்த சுப்பாத்தாளையே எடுத்து அனுப்பிவிட்டாள். 'எங்கம்மா எவ்வளவு அழகு!' என்று மகள் எழுதினாள். அழகாவது ஒன்றாவது. நைட்டியின் தோள்பட்டையில் தையல் விட்டிருந்தது. உடுமலைச் சம்பந்தியம்மா அதைப் பார்த்திருப்பாளே என்று சுப்பாத்தாளுக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. அவளுடைய கோழி, அவளுடைய கோலம், கடைசியில் அவளுடைய தலைமுடியும்கூட நர்மதாவின் கணக்கில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

"எனக்கும் ஒரு போன் வேணுமுங்க," என்றாள் தனபாலிடம்.

"உனக்கெதுக்கு?"

"எம்புள்ளைக்குப் படம் அனுப்பறதுக்கு ஊரான்கிட்டக் கேக்கணுமா?"

தனபால் பொள்ளாச்சி சந்தைக்குப் போனபோது ஒரு போனை வாங்கிவந்து கொடுத்தார். இப்படித்தான் சுப்பாத்தாள், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, தினமும் படம் எடுப்பவள் ஆனாள். முதல் மாதத்துப் படங்களில் பாதிக்கு மேல் அவளுடைய கட்டைவிரல். மீதியில் மாட்டின் பின்புறம், சாய்ந்த அடிவானம், ஓடித் தப்பிய கோழியின் வால். 'சூப்பர்மா' என்று மகளிடமிருந்து பதில் வரும். கூடவே ஒரு கட்டைவிரல். நர்மதாவின் படத்துக்கு அவள் என்ன எழுதியிருக்கிறாள் என்று உடனே மேலே தள்ளிப் பார்ப்பாள் சுப்பாத்தாள். அங்கே நாலு வரி இருக்கும். ஒருநாள் எட்டு வரி இருந்தது.

படம் சரியாக வராவிட்டால் என்ன, எதிராளிக்கும் வராமல் செய்யலாமே. நர்மதா கிழக்கே பார்த்துப் படம் எடுக்கிறாள் என்று தெரிந்து, சூரியன் கிளம்பும் நேரத்துக்கு ஈரப்புடவைகளை வாசலின் குறுக்கே கொடி நிறையக் காயப்போட்டாள். நர்மதா அந்தப் புடவைகளையே படம் எடுத்தாள். வெயில் ஊடுருவிய மெல்லிய புடவைகளும் அவற்றின் பின்னால் நிழலாகத் தென்னைகளும் தெரிந்த அந்தப் படத்துக்குத்தான் அந்த வருஷத்திலேயே அதிகப் பாராட்டு. வேலியோரம் மயில் ஒன்று தோகை விரிக்கப் பார்த்தபோது சுப்பாத்தாள் கல்லை எடுத்து விட்டெறிந்தாள். மயில் பறந்தது. பறந்த மயிலையும் நர்மதா படம் எடுத்துவிட்டாள். பால் சொசைட்டியில் கேனோடு வரிசையில் நிற்கும்போது பத்துப் பேர் காதில் விழும்படி, "உங்க நர்மதா இன்னைக்கு ஸ்டேட்டஸ்ல போட்ட மயிலு, அடேயப்பா!" என்றார்கள். சுப்பாத்தாள் பல்லைக் கடித்துக்கொண்டு பாலை அளந்தாள்.

விடாப்பிடியாக எடுத்ததில் கை கொஞ்சம் பழகியது. கட்டைவிரல் படத்தைவிட்டு வெளியேறியது. எந்நேரம் வெளிச்சம் சாய்வாக விழும், எவ்வளவு கிட்டே போனால் மாடு தலையைத் திருப்பும் என்றெல்லாம் பிடிபட்டது. ஆனால் மகளின் பதில் மட்டும் 'சூப்பர்மா'வைத் தாண்டவில்லை. அதைவிட மோசமாக, குரூப்புக்கு வெளியே ஒன்று நடந்துகொண்டிருந்தது. காலை வேலை முடிந்து சுப்பாத்தாள் சுவரோரம் சாய்ந்தால், அந்தப் பக்கம் தமிழ்ப்ரியாவின் குரல் கேட்கும். அவள் சித்திக்குப் பேசி அனுப்பிய செய்திகள். சொல் புரியாது, குரல் மட்டும் புரியும். நீளமான, இழுத்து இழுத்துப் பேசுகிற குரல். அம்மாவிடம் பேசும்போது அவள் சாப்பிட்டாச்சு, குளிர் அதிகம், அவர் வேலைக்குப் போயிட்டார் என்று மூன்று வாக்கியத்தில் முடித்துவிடுவாள்.

'நான் சுமந்து பெத்தேன், அவ நோகாம கேட்டுட்டு உக்காந்திருக்கறா' என்று சுப்பாத்தாள் மனசுக்குள் பொருமினாள். தமிழ்ப்ரியாவுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் ஓடியிருந்தது. பெற்றவளுக்கு ஒரே ஒரு செய்திதான் பாக்கி. அந்தச் செய்தி வரும்போது முதலில் தன் காதில்தான் விழவேண்டும் என்று அவள் கோயிலில்கூட வேண்டிக்கொண்டாள். பேரன் வேண்டும் என்று வேண்டியதைவிட இதைத்தான் அழுத்தி வேண்டினாள்.

மாங்காய் காய்ப்புக்கு வந்திருந்த மாதத்தில் ஒருநாள் காலை, பால் சொசைட்டியில் அது நடந்தது. சொசைட்டியில் எழுத்து வேலை பார்க்கும் நிமி மலையாளத்துப் பெண். நர்மதாவுக்கு நல்ல சிநேகிதம். சுப்பாத்தாள் கேனை இறக்கிவைத்துவிட்டு நிமிர்வதற்குள் முன்னால் நின்ற நர்மதாவிடம் நிமி கேட்டாள்:

"நர்மதேச்சி, தமிழின்டெ விசேஷம் உண்டோ?"

"உண்டு, உண்டு. இன்னலெ விளிச்சிருந்நு," என்றாள் நர்மதா. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு, முந்தானையால் கண்ணோரத்தை ஒற்றிக்கொண்டாள்.

சுப்பாத்தாளுக்குக் காதில் இடி விழுந்தது. தமிழுக்கு விசேஷம். உண்டு. ஆனந்தக் கண்ணீர் வேறு. தன் வீட்டு விசேஷம் பால்கணக்கு எழுதுகிறவளுக்குத் தெரிந்திருக்கிறது, நர்மதாவுக்குத் தெரிந்திருக்கிறது, பத்து மாதம் சுமந்தவளுக்குத் தெரியவில்லை. கேனை எடுக்க மறந்து பாதி வழி வந்து, திரும்பப் போய் எடுத்தாள்.

மகளைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால், 'சித்திகிட்டச் சொன்னனேம்மா, சொல்லலியா?' என்பாள். அந்த வார்த்தையைக் கேட்பதற்குப் பதில் காய்ச்சிய ஈயத்தைக் காதில் ஊற்றிக்கொள்ளலாம். அன்று முழுக்க வேலை ஓடவில்லை. யாரிடமும் வாய் திறக்கவில்லை. தனபாலிடம்கூட. சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது ஒரு வழி தோன்றியது. நர்மதா ஊருக்குச் சொல்வதற்கு முன்னால் தான் சொல்லிவிட்டால்? யார் காதில் முதலில் விழுந்தது என்று யாருக்குத் தெரியும்? சொன்னவள்தானே முதலில் அறிந்தவள்.

மறுநாள் கிழக்கு வெளுத்ததும் சுப்பாத்தாள் கிணற்றடி மாமரத்துக்குக் கீழே போய் நின்றாள். தாழ்ந்த கிளையில் ஒரு கொத்து. பனி இறங்கிப் பச்சை மினுங்கிய மாங்காய்கள், நடுவில் ஒன்று மட்டும் சின்னதாக. காற்று நிற்கும்வரை காத்திருந்தாள். வெளிச்சம் கிளைக்கு நடுவே சாய்ந்து வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள். பார்த்தாள். பொறாமைக்காரி என்றாலும் கண் பொய் சொல்லாதே. அப்படி ஒரு படத்தை நர்மதாவும் எடுத்ததில்லை. கீழே, போனிடம் வாயால் சொல்லி எழுதவைத்தாள்: 'எங்க தமிழுக்கு விசேஷம். மாங்காய் ரெடி.'

குரூப்பில் போட்டதும் போன் துள்ளத் தொடங்கியது. 'வாழ்த்துக்கள் அக்கா!' 'பேரன் பொறந்து அம்மாயி ஆகப்போறீங்க!' 'படம் யாரு எடுத்தது, சுப்பாத்தா நீங்களா? நம்பவே முடியலீங்க!' உச்சி குளிர்ந்துபோய் அவள் கிணற்றுத் திட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிப் படித்தாள். அன்றைக்கு நர்மதாவின் படத்தை யாரும் தேடவில்லை.

நர்மதாவே ஓடிவந்தாள். தலை வாராமல், காலில் செருப்பில்லாமல்.

"அக்கா, அதை அழிச்சுப்போடுங்க. உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன். போனைக் கொடுங்க, நான் அழிச்சுத் தர்றேன். இன்னும் நெறையப் பேரு பாக்கலீங்க."

சுப்பாத்தாள் போனை மடியில் சொருகிக்கொண்டாள். "ஏன், நீ போட்டிருந்தா அழிப்பியா?"

"ஐயோ, அதில்லீங்கக்கா..."

"பின்னே எது? முந்திக்கலாம்னு பாத்தே, முடியல. வயிறு எரியுதா? எரியட்டும். எம்புள்ள, எம்பேரன். உனக்கு என்ன தெரியும் அதைப்பத்தி?"

நர்மதாவின் முகம் செத்துப்போனது. என்னவோ சொல்ல வாயெடுத்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு திரும்பிப் போய்விட்டாள். சுப்பாத்தாளுக்கு ஜெயித்த திருப்தி. தெருவில் போன குப்பண்ணனை நிறுத்தி அவரிடமும் சொன்னாள்.

வெயில் ஏறுவதற்குள் கனடாவிலிருந்து போன் வந்தது. 

"யாரும்மா உங்கிட்டச் சொன்னது?" தமிழ்ப்ரியாவின் குரல் தட்டையாக இருந்தது.

"யாரு சொன்னா என்ன கண்ணு? பெத்தவளுக்குத் தெரியாமப் போயிருமா? எத்தனையாவது மாசம்?"

"உடுமலையிலிருந்து அத்தை கூப்பிட்டாங்க. எங்ககிட்ட ஏன் மறைச்சேன்னு கேட்டு ஒரே அழுகை, சந்தோஷத்துல. அவர் போனை வாங்கிட்டு வெளிய போயிட்டாரு. அவங்க அம்மாகிட்ட என்ன சொல்றதுன்னு அவருக்கே தெரியலே."

"என்ன சொல்றே?"

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. ரெண்டு வருஷமா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருக்கேன். ஊசி, மாத்திரை, எல்லாம். இந்தத் தடவையும் நிக்கல. இந்த வாரந்தான் தெரிஞ்சுது."

 அப்போதும் சுப்பாத்தாளின் வாயில் முதலில் வந்தது இதுதான்: "சித்திக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எங்கிட்ட ஏன் சொல்லலே? பெத்தவகிட்ட?"

சுப்பாத்தாள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.  

"நான் சின்னதா இருக்கறப்ப நீ வாசல்ல வச்சு எனக்குச் சோறு ஊட்டுவே," என்றாள் தமிழ்ப்ரியா. "சித்தி அந்தப் பக்கம் வந்து நின்னா, கிண்ணத்தை எடுத்துட்டு என்னையும் இழுத்துட்டு உள்ள போயிருவே. ஏம்மான்னு கேட்டா, வயிறு காஞ்சவ கண்ணு பட்டா புள்ளைக்கு ஆகாதும்பே. எனக்கு அப்பப் புரியல. இப்ப நானும் அந்தக் கண்ணுதானம்மா? உங்கிட்ட எப்படிச் சொல்றது?"

போன் அணைந்தது. சுப்பாத்தாள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. வாசலில் யாரோ, "என்ன சுப்பாத்தா, விசேஷமாமே!" என்று கூவிக்கொண்டே வந்தார்கள். அவள் மாட்டுக் கொட்டகைக்குள் போய்க் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள். கதவுக்கு வெளியே நின்று நடந்ததைக் கேட்டுக்கொண்டு, அன்று வந்தவர்களுக்கெல்லாம் தனபால்தான் பதில் சொன்னார். தப்பாப் புரிஞ்சுக்கிட்டா, ஒண்ணும் இல்லீங்க, மன்னிச்சுக்குங்க. ஒரு கோபச் சொல்கூட அவளிடம் அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம்.

அடுத்த நாள் காலை சுப்பாத்தாள் படம் எடுக்கவில்லை. வாசலின் நடுக்கோட்டைத் தாண்டி நர்மதாவின் சமையலறைக்குள் போனாள். கல்யாணம் காட்சிக்குத் தவிர அவள் அந்தப் பக்கம் போனதில்லை. தோசை ஊற்றிக்கொண்டிருந்த நர்மதா, "வாங்கக்கா," என்று முக்காலியை எடுத்துப்போட்டாள். 

"நேத்தே சொல்லியிருக்கலாமில்ல?"

"யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு தமிழு சத்தியம் வாங்கியிருந்துச்சுங்க. நான் எப்படிச் சொல்லட்டும்?"

"சொசைட்டியில நிமி கேட்டப்ப விசேசம் உண்டுன்னியே. எங் காதால கேட்டேன்."

நர்மதா கரண்டியோடு விழித்தாள். பிறகு புரிந்து நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ அக்கா! அவ சேதி உண்டான்னு கேட்டா. நேத்துக் கூப்பிட்டுச்சுன்னேன். அவங்க பாசையில வெசேசம்னா சேதிதானுங்களே."

சுப்பாத்தாளுக்கு அது தெரியாதா? பிறந்ததிலிருந்து காதில் விழும் மலையாளம். தாலுக்கா ஆபீஸிலும் ஆஸ்பத்திரியிலும் அவளே ஊரில் பாதிப் பேருக்குப் பேசிக்கொடுப்பாள். 'எந்தா விசேஷம்' என்று ஒரு நாளைக்கு நாலு பேராவது அவளையே கேட்கிறார்கள். அவளுக்குத் தெரிந்த மலையாளம் அவளுடைய பொறாமைக்குத் தெரியவில்லை.

"கண்ணைத் தொடச்சியே?"

"அழுகை வந்துச்சுங்க. தொடச்சேன்."

தோசை வெந்தது. நர்மதா அதை எடுத்துவிட்டு அடுத்ததை ஊற்றினாள். சுப்பாத்தாள் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தமிழுக்குச் சோறு ஊட்டறப்ப நான் உள்ள போயிருவேன். உனக்குத் தெரியுமா?"

"ஒரே வாசல்தானுங்களே அக்கா. தெரியாம இருக்குமா?"

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். சண்டைக்கு வந்திருந்தால் சுப்பாத்தாளும் ஒரு கை பார்த்திருப்பாள். இதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மன்னிப்பு கேட்டுப் பழக்கமில்லாத நாக்கு அது. கேட்க வந்ததை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டது.

"உங்கிட்ட அழுதாளா?"

"அழுதுச்சுங்க."

"ரொம்பவா?"

"ரொம்பத்தான்."

"எங்கிட்ட ஒரு சொட்டு அழுவலையே, நர்மதா. வெச்சுப்போட்டா. நேத்திலிருந்து எடுக்க மாட்டேங்கறா."

நர்மதா அடுப்பைக் குறைத்துவிட்டு அலமாரியிலிருந்து தன் போனை எடுத்தாள்.

"கூப்பிடட்டுங்களா? நான் கூப்பிட்டா எடுக்கும்."

நான் கூப்பிட்டால் எடுக்கும். சுப்பாத்தாளுக்கு அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. நேற்று வரைக்கும் இப்படி ஒரு வார்த்தைக்கு அவள் வாசலை இரண்டாக்கியிருப்பாள். "கூப்பிடு," என்றாள்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். "சித்தி," என்ற அந்த ஒரு சொல் வெளியே கேட்டது. தன்னிடம் பேசும்போது ஒருநாளும் வராத குரல்.

"கண்ணு, உங்கம்மா இங்க உக்காந்திருக்காங்க," என்றாள் நர்மதா, போனை நீட்டினாள்.

இரவெல்லாம் சுப்பாத்தாள் கோத்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை. தப்புத்தான் கண்ணு என்று தொடங்க நினைத்திருந்தாள். வாயைத் திறந்ததும் உள்ளே இருந்ததுதான் வந்தது.

"நீ சித்திகிட்ட அழுதியாமா. எங்கிட்ட அழுவலையேன்னு எனக்குப் பொறாமையா இருக்குது சாமி. பொறாமையில செத்துப்போறேன்."

அந்தப் பக்கம் மூச்சு தெறித்து வந்தது. சிரித்தாளோ என்றிருந்தது. பிறகு, "ஏம்மா இப்படி இருக்கறே நீ?" என்றாள் தமிழ்ப்ரியா. அதற்கப்புறம் பேச்சே இல்லை, அழுகைதான். சின்னப் பிள்ளையில் விழுந்து முட்டி பெயர்த்துக்கொண்டு வரும்போது அழுவாளே, அதே ஏங்கி ஏங்கி வரும் அழுகை. சுப்பாத்தாள் ஒரு சமாதானமும் சொல்லவில்லை. அடுத்த தடவை நிற்கும் என்றும் சொல்லவில்லை. "அழு சாமி, அழு. அம்மா இருக்கறேன்," என்று அதையே சொன்னாள். தன் கண்ணீர் தாடையில் இறங்கிப் போனை நனைப்பதும் தெரியவில்லை.

தீய்ந்த வாசம் வந்துதான் நிமிர்ந்தாள். கல்லில் தோசை கருகிக்கொண்டிருந்தது. நர்மதா கரண்டியைப் பிடித்தபடி, அதைத் திருப்பாமல், போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையை இந்த ஊரில் சுப்பாத்தாளைவிட நன்றாக அறிந்தவர் கிடையாது. எத்தனை காலம் தன் முகத்திலேயே இருந்த பொறாமைப் பார்வை.

பொய் சொல்வானேன், அவளுக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி ஓடியது. ஒரு கணம்தான். தன் பிள்ளை அழுகிறாள், அந்த அழுகையை இத்தனை நாள் தனியாகத் தாங்கியவள் தன் அடுப்பங்கரையிலேயே ஒதுங்கி நிற்கிறாள். அந்தக் கணம் போனதும் சுப்பாத்தாளால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் நகர்ந்து முக்காலியில் பாதியை விட்டாள்.

"இங்க வா, அம்மிணி," என்றாள். "இதை ரெண்டு பேருக்கும் கேக்கற மாதிரி எப்படிப் போடறது?"

நர்மதா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.